தலையெழுத்தா, கையெழுத்தா?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்றோர் ஊர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் சமைத்தான். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணாம்பு இன்றி, நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் ஆக்குவித்த கோயில் இது என்று வடமொழியிலே கல்வெட்டும் பொறித்து வைத்தான். விசித்திரசித்தன் என்பது அவன் சூட்டிக்கொண்ட பட்டப்பெயர்.

எதெது இல்லாமல் கட்டினான் என்று எண்ணிச் சொல்லும் அக் கல்வெட்டு, எவரெவர் கைகளால் கட்டினான் என்பதற்கு ஒரு சொல்லும் ஒதுக்கவில்லை. இல்லாத செங்கல்லுக்கு அங்கே இடம் இருக்கிறது; இருந்த தொழிலாளிக்கு இடம் இல்லை! உளி பிடித்தவன் பெயர் என்ன, அவன் உண்ட கூழ் என்ன, கல் தெறித்துக் கண்ணிழந்தவர் உண்டா, உண்டென்றால் அவர்தம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார்? கல் வாய் திறக்கவில்லை.

மன்னர் காலத்து வழக்கம் அது. இன்றைக்கு அதைப் பேசுவானேன் என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். மன்னர் மாண்டனர், வழக்கம் மாளவில்லை. வளைகுடா நாடுகளிலே வானை முட்டும் மாளிகைகள் எழுகின்றன. இன்னார் ஆட்சியிலே எழுந்தது, இன்ன நிறுவனம் எழுப்பியது, இத்தனை மாடி, இத்தனை உயரம் என்று விவரமெல்லாம் கிடைக்கிறது. கம்பி வளைத்தவனும் கலவை சுமந்தவனும் அந்த விவரத்திலே இல்லை. அவன் பெயர் செய்தித்தாளிலே வரவேண்டுமானால், பெரும்பாலும் அவன் பிணமாகத் திரும்பவேண்டியிருக்கிறது.

2024 ஜூன் 12. குவைத்திலே மங்காஃப் என்னும் பகுதி. தொழிலாளர் ஏறத்தாழ 200 பேர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். உழைத்துக் களைத்தவர்கள் உறங்கிக் கிடந்த விடியற்காலையிலே கீழ்த்தளத்தில் தீப் பிடித்தது. புகை மாடி மாடியாய் ஏறிற்று. ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். அவர்களிலே மிகப் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர். 45 உடல்களைச் சுமந்த விமானப்படை வானூர்தி ஜூன் 14 அன்று கொச்சியிலே இறங்கிற்று. மாண்டவர்களிலே தமிழ்நாட்டவர் 7 பேர். அந்த எழுவரிலே நம் விழுப்புரம் மாவட்டத்தவரும் ஒருவர். மல்லாட்டைக் காட்டையும் ஏரிக்கரையையும் விட்டுச் சென்றவர்கள் இப்படித் திரும்புவது அது முதன்முறையன்று. கடைசி முறையாகவும் இருக்கவில்லை.

இத்தகைய சாவு நேரும்போதெல்லாம் மூன்று குரல்களை நாம் கேட்கிறோம். துயரத்திலே துவண்டவர்கள், "எல்லாம் தலையெழுத்து" என்கின்றனர். துயரம் தீண்டாதவர்கள், "அவனாக விரும்பித்தானே போனான்" என்கின்றனர். அறிவுரை வழங்கப் பிறந்தவர்கள், "உள்ளூரிலே உழைத்துக் கஞ்சி குடித்திருக்கலாமே, ஏன் போனான்" என்கின்றனர். மூன்றும் வேறுவேறு வாய்களிலிருந்து வருகின்றன, விளைவோ ஒன்றுதான். கேட்கப்படவேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது. யார் பொறுப்பு? எந்த இடத்திலே எவர் எதைச் செய்திருந்தால் அவன் உயிரோடு வந்திருப்பான்? இதுதான் அக் கேள்வி. ஆகவே மூன்று குரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

தலையெழுத்து என்ற குரல் முதலாவது. மண்டகப்பட்டுக் கல்வெட்டிலே முதலில் பெயர் பெற்றிருக்கும் அதே நான்முகன்தான் நம் ஒவ்வொருவர் தலையிலும் எழுதி அனுப்புகிறான் என்பது கதை. அந்த எழுத்தைப் படித்தவர் எவருமில்லை. ஆனால் மங்காஃப் கட்டடத்திலே என்ன இருந்தது என்பதைப் படிக்க முடிந்தது. மின்கசிவிலே பிறந்த தீ என்றனர் ஆய்ந்தவர்கள். அறைகளைத் தடுக்கப் பயன்பட்ட பொருள் எளிதில் தீப்பற்றக் கூடியது என்றும், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்றும் செய்திகள் வந்தன. கட்டட உரிமையாளரின் பேராசையே இத்தகைய கேடுகளுக்குக் காரணம் என்று குவைத்தின் துணைப் பிரதமரே அன்று சொன்னார். பூட்டு மனிதன் செய்தது, பூட்டியவன் மனிதன், பத்துப் பேர் இருக்கவேண்டிய இடத்திலே பலரை அடைத்து இலாபக் கணக்கு எழுதியவனும் மனிதன்தான். பொறுப்பான அமைச்சரே பேராசை என்று சொல்லும்போது, நாம் மட்டும் ஏன் நான்முகன் பெயரைச் சொல்லி, குற்றவாளிக்கு முன்ஜாமீன் வாங்கித் தரவேண்டும்?

தலையெழுத்தை நம்புவது இழந்தவர்க்கு ஆறுதல் தருகிறதே, அதையும் பறிக்கவேண்டுமா என்று சிலர் கேட்பர். ஆறுதலைப் பறிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை ஒன்று இருக்கிறது. அந்த விலையை அடுத்த வீட்டுப் பிள்ளை கொடுக்கிறான். விதியென்று விட்டுவிட்ட இடத்திலே விசாரணை இல்லை. விசாரணை இல்லாத இடத்திலே திருத்தம் இல்லை. அடுத்த ஆண்டு அதே பூட்டு அதே கதவிலே தொங்கும்.

தலையிலே எழுதப்பட்டதைக் காண முடியாது. தாளிலே எழுதப்பட்டதைக் காணலாம். அயல்நாடு செல்லும் தொழிலாளி எத்தனை இடங்களிலே கையெழுத்திடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். முதற் கையெழுத்து ஊரிலேயே, வட்டிக்குக் கொடுப்பவன் நீட்டும் புரோநோட்டிலே. அடுத்தது ஏஜெண்டு நீட்டும் தாளிலே. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டால், "நம்பிக்கை இல்லையா தம்பி" என்று செல்லமாகக் கோபித்துக்கொள்வான். மூன்றாவது வேலை ஒப்பந்தத்திலே. அது ஆங்கிலத்தில் இருக்கும். நான்காவது கடல் கடந்து இறங்கியபின், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த நிலையிலே, அரபு மொழியில் இருக்கும் வேறோர் ஒப்பந்தத்திலே. ஊரிலே சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே எழுதியிருக்கும் சம்பளம் ஒன்று. ஓட்டுநர் வேலை என்று போனவன் ஒட்டகம் மேய்க்கிறான். கடை வேலை என்று போனவன் கட்டடம் கட்டுகிறான். அவன் வாழ்வை நடத்துவது அந்த நான்கு கையெழுத்துகள். நான்கையும் எழுதி வைத்தவர்கள் வேறு மனிதர்கள். படிக்கத் தெரியாமல் ஒப்பமிட்டவன் இவன்.

இங்கேதான் இரண்டாம் குரல் எழுகிறது. கையெழுத்திட்டவன் அவன்தானே, விரும்பித்தானே போனான் என்கிறது அது. படித்தவர்களும் பேசும் வாதம் என்பதால் இதைச் சற்று விரிவாக ஆராயவேண்டும்.

இந்த வாதம் புதியதன்று. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளிலே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே, 1834இல், மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கினர். புதுச்சேரித் துறையிலே ஆளேற்றிய பிரெஞ்சுக் கப்பல் 1853இல் மார்ட்டினிக் தீவை அடைந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டத்து ஏழை மக்கள் இக் கப்பல்களிலே அள்ளிச் செல்லப்பட்டனர். அடிமைக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டோருக்குத் தோட்ட முதலாளிகள் தந்த விடை, "இவர்கள் விரும்பி வந்தவர்கள், இதோ ஒப்பந்தம், இதோ கைநாட்டு" என்பதே.

நேட்டாலிலே 5 ஆண்டு ஒப்பந்தம். முதலாண்டிலே மாதம் 10 ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்தபின் அவன் விடுதலை பெற்ற மனிதனாகவாவது வாழ்ந்தானா? வாழவிடக் கூடாது என்று 1895இல் சட்டம் செய்தனர். ஒப்பந்தம் முடித்தவன் மீண்டும் ஒப்பந்தக் கூலியாகவேண்டும். அல்லது நாடு திரும்பவேண்டும். இரண்டும் இல்லையேல் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டவேண்டும்! கூலியோ மாதத்துக்குச் சில ஷில்லிங். அந்த வரியை எதிர்த்து 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அப் போராட்டத்திலே சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று, தம் பதினாறாம் வயதிலே உயிர் நீத்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது. விரும்பி வந்தவர்கள் என்று சொன்னார்களே, விரும்பி வந்தவனுக்கு வேலியும் வரியும் எதற்கு?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே வேறு வகை. அங்கே கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் கடனாக ஏட்டில் ஏறிற்று. கப்பலேறும்போதே தொழிலாளி கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடன் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம்" என்று துரை எழுதிய சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். துண்டுச் சீட்டிலே மனிதன் விலை எழுதப்பட்டது. 1921இல் அம் முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அதன் உயிர், கடன் கொடுத்துக் காலைக் கட்டும் தந்திரம், ஒழிந்ததா?

இன்றைய கணக்கைப் பாருங்கள். உரிமம் பெற்ற முகவர், தொழிலாளியிடமிருந்து 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய அரசு விதித்த வரம்பு. நடப்பிலே உரிமமே இல்லாத துணை ஏஜெண்டு ஊருக்கு ஊர் இருக்கிறான். விசாவுக்கு விலை வைத்து லட்சக் கணக்கிலே வாங்குகிறான். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? காணி நிலத்தின் பட்டா அடகிலிருந்து, மனைவியின் நகையிலிருந்து, புனிதம் புனிதம் என்று போற்றப்படும் தாலியும் அன்று அடகுக் கடைத் தராசிலே வெறும் பொன்னாகத்தான் நிறுக்கப்படுகிறது. போதாததற்கு மாதம் நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று வட்டிக் கடன். அயல்நாட்டிலே இறங்கிய அன்று அவன் கையிலே சம்பளம் இல்லை. தலையிலே கடன் இருக்கிறது. அங்கே சொன்ன வேலை இல்லையென்றாலும், அடி விழுந்தாலும், அறையிலே மூச்சு முட்டினாலும், திரும்பினால் வட்டிக்காரன் வாசலிலே நிற்பான் என்ற அச்சம் அவனை நிறுத்தி வைக்கிறது. துரை எழுதிய துண்டு அன்று. ஊரிலே எழுதிய புரோநோட்டு இன்று. தாள் மாறியிருக்கிறது, கட்டு அதே கட்டு.

ஆகவே, விருப்பம் என்ற சொல்லை நாம் அளந்து பயன்படுத்தவேண்டும். ஒருவன் விரும்பிச் செய்தான் என்று அறத்தின்படி சொல்ல மூன்று தகுதிகள் வேண்டும். எதற்கு ஒப்புகிறோம் என்பதை அவன் அறிந்திருக்கவேண்டும். வேண்டாம் என்று மறுத்தாலும் வாழ வழி இருக்கவேண்டும். ஒப்பியபின் ஏமாற்றம் கண்டால் மீண்டு வர முடியவேண்டும். அறியாத மொழியிலே ஒப்பந்தம் என்றால் முதல் தகுதி இல்லை. வறண்ட காடும் வேலையற்ற வீடும் பிடரியைப் பிடித்துத் தள்ளினால் இரண்டாம் தகுதி இல்லை. கடனும் பறிக்கப்பட்ட பாஸ்போர்ட்டும் காலைக் கட்டினால் மூன்றாம் தகுதி இல்லை. மூன்றும் இல்லாத இடத்திலே கையெழுத்து இருக்கலாம், விருப்பம் இருக்காது. விரும்பித்தானே போனான் என்று சொல்லிக் கைகழுவும் உரிமை, அம் மூன்றையும் அவனுக்கு வழங்கிய சமுதாயத்துக்கு மட்டுமே உண்டு. நாம் வழங்கினோமா?

படித்தவர்களுக்கு இது நேராது என்று எவரும் இறுமாந்திருக்க வேண்டாம். தாய்லாந்திலே கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியிலே அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். 2022 அக்டோபரிலே அவர்களிலே 13 பேர் சென்னைக்கு மீட்டு வரப்பட்டனர். பட்டம் பெற்றவர்கள், ஆங்கிலம் அறிந்தவர்கள். அவர்களும் அறியவேண்டியதை அறிய வழியின்றித்தான் ஒப்பினர்.

இனி மூன்றாம் குரல். ஏன் போனான், போகாமல் இருந்திருக்கலாமே என்பது. இது பரிவு போலத் தோன்றும். பழைய நஞ்சு இதிலே கலந்திருக்கிறது. கடல் கடந்தால் தீட்டு என்றது வைதிகம். அந்தத் தீட்டுக்கு அஞ்சி மேட்டுக்குடியினர் கரையிலே நின்ற நாளிலே, சேரியிலே பிறந்தவனும் படியாளாய் உழன்றவனும் கப்பலேறினர். வயிறு மட்டுமா அவர்களைத் துரத்திற்று? ஊர்த் தெருவிலே செருப்பணிந்து நடக்க முடியாத நிலையும் துரத்திற்று. அயல் மண்ணிலே அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆயினும் அங்கே பிறந்த பிள்ளைகளிலே பலர் பள்ளிக்கூடம் கண்டனர், சங்கம் கண்டனர், நிமிர்ந்து நடக்கக் கற்றனர். தந்தை பெரியார் 1929இல் மலாயா சென்று தமிழரிடையே தன்மதிப்பை எடுத்துரைத்தார். சிங்கப்பூரிலே 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று, 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' எழுந்தது. போகாதே என்று அன்று தடுத்திருந்தால், பண்ணையாரின் களத்துமேட்டிலேயே கிட என்று சொன்னதாகத்தானே பொருள்?

இன்றும் அப்படியே. வளைகுடாவிலிருந்து வரும் பணம் எத்தனையோ வீடுகளிலே ஓலையை ஓடாக்கியிருக்கிறது. பெண்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது. போவது மனிதன் உரிமை. அந்த உரிமையை மறிக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பாகாது.

பெண்கள் வகையிலே இதைத் தெளிவாகக் காண்கிறோம். 10ஆம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா நாடுகள் உட்படச் சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும் என்று ஒரு முறை, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டது. அந்த அனுமதிக்கு உரிய பெண்களிலே 30 வயது நிறையாதவர் செல்லலாகாது என்றும் விதி செய்தனர். நோக்கம் நல்லது எனலாம். விளைவு? வீட்டு வேலைக்குப் போகத் துணிந்த ஏழைப் பெண்ணைத் தரகன் சுற்றுலா விசாவிலே ஏற்றினான். 'கத்தாமா' என்ற பெயரோடு பூட்டிய வீட்டுக்குள்ளே அவள் உழைத்தாள். அவளைப் பற்றிய பதிவே எந்த அலுவலகத்திலும் இல்லை. கதவை அரசு சாத்திற்று. சன்னல் வழியே தரகன் தள்ளினான். ஆண் போனால் பொருள் தேடப் போனான் என்றும், பெண் போனால் வேறு பொருளிலும் பேசும் நம் ஊர் நாக்கு, அவள் அழுது திரும்பியபோது தொலைபேசியிலே சொல்லக்கூட அஞ்சும்படி செய்தது. தரகனுக்குத் துணை நின்ற அந்த நாக்கும் குற்றவாளிக் கூண்டிலே நிற்கவேண்டியதே.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? அறிதல், மறுத்தல், மீளுதல் ஆகிய மூன்றும் தொழிலாளியின் கைக்கு வரும்படி செய்யவேண்டும்.

முதற்பணி, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்குவது. வேலை யாருக்குத் தேவையோ அவன் கொடுக்கட்டும் கூலித் தரகை! இது நம் கற்பனைக் கோரிக்கையன்று. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் நேராகவோ மறைவாகவோ கட்டணம் வாங்கலாகாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை 1997இலேயே நெறி வகுத்தது. நம்மினும் ஏழை நாடான நேபாளம், வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் செல்வோரின் விசாச் செலவையும் பயணச் செலவையும் வேலை கொடுப்பவனே ஏற்கவேண்டும் என்று 2015இல் அறிவித்தது. அங்கே ஏட்டில் எழுதியது நாட்டில் முழுமையாக நடக்கவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எழுதப்பட்டபின் தொழிலாளி கையிலே ஒரு வாதம் இருக்கிறது; எழுதப்படாத இடத்திலே கெஞ்சல்தான் இருக்கிறது.

உடனே ஓர் எதிர்வாதம் வரும். செலவெல்லாம் முதலாளி தலையிலே போட்டால், அவன் தமிழனை விட்டு வங்காளதேசத்தானையோ நேபாளத்தானையோ தேடிப்போவான்; உள்ள வேலையும் போகும் என்பர். இதிலே உண்மை இல்லாமல் இல்லை. ஏழையை ஏழையோடு போட்டியிடவிட்டு விலை பேசுவது முதலாளித்துவத்தின் பழங்கலை. அதற்கு மருந்து நாம் இன்னும் மலிவாகப் போவதன்று. ஆளனுப்பும் நாடுகள் கூடிப் பேச 2003இல் தொடங்கிய கொழும்புச் செயல்முறை என்னும் அமைப்பு இருக்கிறது. எந்நாட்டுத் தொழிலாளியையும் குறிப்பிட்ட கூலிக்குக் கீழே, கட்டணம் வாங்கி அனுப்ப மாட்டோம் என்று அந்நாடுகள் ஒரே குரலில் சொல்லும் நாள் வரவேண்டும். அதுவரையிலே சில வேலைகள் கைநழுவக் கூடும். கடனும் சவப்பெட்டியும் கொண்டுவரும் வேலையைக் காட்டிலும் அந்த இழப்பு சிறிது என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். ஆனால் அதைச் சொல்லும் வாய்க்கு, உள்ளூரிலே வேலை உண்டாக்கும் கடமையும் உண்டு. இல்லையேல் நாமும் அந்த அறிவுரை வழங்கிகளின் வரிசையிலே போய் நிற்போம்.

அடுத்தது, மீண்டு வரும் வழி. கஃபாலா என்ற முறையிலே தொழிலாளியின் தங்கும் உரிமையும் வேலையும் ஒரே முதலாளியோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தன. அவனை விட்டு நீங்கினால் 'ஓடிப்போனவன்' என்ற புகார்; பிறகு சிறை, நாடு கடத்தல். உலகின் கண் பட்டதனாலே மாற்றங்களும் நிகழ்ந்திருக்கின்றன. கத்தார் 2020இல், முதலாளியின் இசைவின்றியே வேலை மாறலாம் என்று சட்டம் திருத்திற்று. 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தது. உலகக் கால்பந்துப் போட்டி வரவிருக்கிறது என்று உலகமே உற்றுப் பார்த்ததன் பயன் அது. பார்ப்பவர் இருந்தால் பூட்டுத் திறக்கும் என்பதே அதிலே நாம் கற்கும் பாடம்.

தொழிலாளர் ஒன்றுபட்டால் நிகழ்வதற்கும் வரலாறு இருக்கிறது. 1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்திலே இரப்பர் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவை யாவை? பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவு ஒழிதல். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அப் போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் இவர்கள் தலையெழுத்தை நம்பிக் கிடக்கும் கூட்டம் அல்லர் என்பதை உலகம் அறிந்தது.

வீட்டாரின் பங்கை மறத்தலாகாது. அயல்நாடு செல்பவன் ஒருவன்; அவன் பயணத்துக்கு ஈடு வைக்கப்படுவது குடும்பம். ஆயினும் ஏஜெண்டு பேரம் பேசும்போது மனைவி அடுப்படியிலே நிறுத்தப்படுகிறாள். நகையைக் கழற்ற மட்டும் அழைக்கப்படுகிறாள்! கடன் எவ்வளவு, ஒப்பந்தத்திலே கண்டது என்ன, நிறுவனம் எது, ஊர் எது என்று அவளுக்கே தெரியாது. பிறகு பேச்சு நின்றுபோனால் எந்த வாசலைத் தட்டுவாள்? பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றின் படிகள் அவள் கையிலே இருக்கட்டும். வங்கிக் கணக்கு அவள் பெயரிலும் இருக்கட்டும். பேரம் பேசும் இடத்திலே அவளும் நாற்காலி போட்டு அமரட்டும். இது பெண்ணுக்குச் செய்யும் சலுகையன்று, இருவருக்கும் பாதுகாப்பு.

இருக்கும் உரிமைகளையும் எத்தனை பேர் அறிவர்? முறைப்படி குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்பவருக்கு, 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு உண்டு. 2017இல் திருத்தப்பட்டபோது, 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டினால், விபத்துச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் என்று அதில் வகுக்கப்பட்டது. லட்சக் கணக்கிலே தரகனிடம் கொட்டியவன், சுற்றுலா விசாவிலே போனதனாலே இந்த 275 ரூபாய்க் காப்பீட்டை இழக்கிறான். துன்புற்றோர்க்கு உதவ இந்தியத் தூதரகங்களிலே 2009 முதல் நலநிதி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலேயே தோன்றியது. வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கு 2011இல் சட்டம் வந்தது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாள் என 2021இல் அரசு அறிவித்தது. நாளும் விழாவும் நன்று. விழா மேடையிலே செல்வந்தத் தமிழர் மட்டும் அமர்ந்து, கலவை சுமந்த தமிழன் நுழைவாயிலிலே நிற்பானானால், அது மண்டகப்பட்டுக் கல்வெட்டின் மறுபதிப்பாகிவிடும்.

தோழர்களே! சட்டம் சென்னையிலும் தில்லியிலும் செய்யப்படுகிறது; ஏமாற்று ஊரிலே நடக்கிறது. ஊரிலே இருப்பவர்கள் நாம். நம் படிப்பகங்கள் செய்தித்தாள் படிக்க மட்டுமா? வாரத்திலே ஒரு மாலை அவற்றை இப்பணிக்குத் திறந்து வையுங்கள். அயல்நாடு செல்லப் புறப்படும் அண்ணன்மாரும் அக்கைமாரும் தாள்களோடு வரட்டும். ஏஜெண்டுக்கு உரிமம் உண்டா என்று அரசின் இ-மைகிரேட் தளத்திலே தேடிச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வரிவரியாகத் தமிழிலே படித்துக் காட்டுங்கள். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, தங்குமிடம் எங்கே, விடுப்பு உண்டா, இறந்தால் உடலை அனுப்பும் செலவு யாருடையது என்று அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளை நீங்கள் கேளுங்கள். பணம் கொடுத்தால் ரசீது வாங்கச் சொல்லுங்கள். ரசீது தராதவன் பெயரை ஊரறியச் சொல்லுங்கள். ஏமாந்து திரும்பியவரை எள்ளி நகையாடாமல் அழைத்துவந்து பேசச் செய்யுங்கள்; அவர் பட்டறிவு பத்துப் பேரைக் காக்கும்.

இவ்வளவும் செய்தால் எல்லாத் தீயும் அணைந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மொட்டைமாடிப் பூட்டு நம் கைக்கு எட்டாத தொலைவிலே இருக்கிறது. ஆனால் முதற் கையெழுத்து நம் ஊரிலே, நம் திண்ணையிலே, நம் கண்முன்னே இடப்படுகிறது. அந்தக் கை பேனாவை எடுக்கும்போது பக்கத்திலே படித்துச் சொல்ல ஒருவர் இருந்தாரா இல்லையா? நாளை அந்த வீட்டார் நம்மைப் பார்த்துக் கேட்டால், இருந்தோம் என்று சொல்லும் நிலையிலே நாம் இருக்கவேண்டும்.